சந்தனம் பூசிய கேசட்

எங்கள் வீட்டு பீரோவில், நகைப் பெட்டிக்கு மேல் தட்டில், ஒரு வீடியோ கேசட் ஒன்பது வருடம் இருந்தது. என் மகள் ஆறு வயதில் தொலைக்காட்சியில், அதுவும் கலரில், ஒன்றரை நிமிடம் கதை சொன்னதை வாடகை டெக் வைத்துப் பதிந்தது. ஓட்டினால் தேய்ந்துவிடும் என்று பயந்து அதன் பிறகு யாரையும் பார்க்க விடவில்லை. விருந்தாளிகளுக்கு வெறும் கேசட்டைக் காட்டுவேன். அவர்களும் தொட்டுப் பார்த்துப் பாராட்டிவிட்டுக் காபி குடிப்பார்கள். ஆயுத பூஜைக்கு ஸ்கூட்டரோடு சேர்த்து அதற்கும் சந்தனம் குங்குமம். நான் படித்தது இயற்பியல்.

மகளுக்குத் திக்குவாய். டிவியில் வந்த பிறகுதான் தொடங்கியது என்பது குடும்பத்தின் தீர்ப்பு. காரணத்தை என் அக்கா கண்டுபிடித்தார். “ஊரு முச்சூடும் பாத்துப்போட்டுது தம்பி. கருப்பு வெள்ளையில வந்திருந்தாக்கூடத் தப்பிச்சிருப்பா.” யார் கண் என்று தெரியாமலே ஆனைமலை அம்மன் கோயிலுக்குப் போய், கண் வைத்தவரை அம்மனே தண்டிக்கட்டும் என்று சிலைக்கு மிளகாய் அரைத்துப் பூசிவிட்டு வந்தோம். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளைதானே நீ என்று தினமும் அவளிடம் சொன்னேன். ஊக்கம் கொடுக்கிறேனாம். பதினைந்து வயதில் அவள் வகுப்பில் வருகை சொல்வதையும் நிறுத்திவிட்டாள். கையை மட்டும் தூக்குவாளாம்.

தொண்ணூற்றாறில் ஆர்.எஸ்.புரத்தில் பேச்சுப் பயிற்சி தரும் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனோம். முன்பு சரளமாகப் பேசினாளா என்று கேட்டார். ஆதாரமே இருக்கிறது என்றேன். அவளே பார்த்தால் நம்பிக்கை வந்துவிடும் என்றும் சொன்னேன். நல்ல பிரதியாகக் கேட்டுத் தொலைக்காட்சி நிலையத்துக்கு எழுதினேன். அந்த நாடாவை அப்போதே அழித்து வேறு நிகழ்ச்சி பதிந்துவிட்டதாக ஒரு வரியில் பதில் வந்தது. ஒரு பொருளைப் பாதுகாக்கத் தெரியாதவர்கள் என்று ஒரு வாரம் திட்டினேன். பிறகு பீரோவைத் திறந்தேன்.

மகளையும் கூட்டிக்கொண்டு வீடியோ கடைக்குப் போனேன். கடைக்காரர் கேசட்டின் மூடியைத் தூக்கினார். உள்ளே பூஞ்சையும் காய்ந்த சந்தனமும்.

“ஏனுங்க, இது கேசட்டுங்களா, சாமிங்களா?”

மகள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. இரண்டு நாள் துடைத்துச் சுத்தம் செய்தவர், ஒரு தடவை ஓடும், மறுபடி போட்டால் அறுந்துபோகலாம் என்று எச்சரித்துவிட்டுத்தான் போட்டார்.

படம் கோடு கோடாகக் கிழிந்து ஓடியது. நடுவில் சிவப்புக் கவுனில் என் மகள். ‘குதிரை’ என்ற சொல்லில் முட்டிக்கொண்டு நின்றாள். கண்ணை இறுக மூடி, கு, கு, கு என்று மூன்று தடவை முயன்று வெளியே தள்ளினாள். கடைசிவரை அப்படியேதான். ஒளிபரப்பான அன்று வீடு நிறைய ஆட்கள் கைதட்டினார்கள். நான் கவுனின் சிவப்பு சரியாக வர வேண்டும் என்று கலர் குமிழைத் திருகிக்கொண்டிருந்தேன். அவளிடம் இல்லவே இல்லாத ஒன்றைத் தொலைத்துவிட்டாள் என்று ஒன்பது வருடம் குற்றம் சாட்டியிருக்கிறேன்.

“அ... அப்பவே இப்படித்தானுங்கப்பா,” என்றாள். அவள் முகத்தில் வருத்தம் இல்லை. கடைகளில் வாயே திறக்காதவள், கடைக்காரரிடம் தானே திரும்பினாள்.

“இ... இன்னொருக்கா போடுங்க.”

அவர் என்னைப் பார்த்தார். போடச் சொல்லித் தலையாட்டினேன்.