கேமுக்குள் ஒரு கிரிவலம்

பன்னிரண்டு வயதில் நான் யாரையும் நம்பியதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. என் சந்தேகம் முழுவதும் வேங்கிக்காலில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்த கம்ப்யூட்டருக்குள்தான் செலவானது. அண்ணன் இன்ஜினியரிங் சேர்ந்தபோது அப்பா வாங்கிக் கொடுத்தது அது. கொரோனா வந்து ஊரை மூடியதும் காலையில் அதுவே என் பள்ளிக்கூடம், மதியத்துக்கு மேல் எனக்கும் அண்ணனுக்கும் கேம்.

உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ பல்லாயிரம் பேர் ஒன்றாக ஆடும் கேம். காடு, கடைத்தெரு, நடுவில் ஒரு பெரிய மலை. மலையைச் சுற்றியிருக்கும் பாறைகளை வெட்டினால் தங்கம் வரும். அதைக் கொடுத்து கேமுக்குள்ளேயே வாளோ குதிரையோ வாங்கலாம். நாங்கள் நாளெல்லாம் வெட்டினாலும் ஒரு லாடம் வாங்கத்தான் தேறும். ஆனால் அந்தத் தங்கத்தை நிஜப் பணத்துக்கு விற்கிற வியாபாரிகள் இருந்தார்கள். ஆளே இல்லாமல் தானாக நடந்து தானாக வெட்டுகிற பொம்மைகளை அவர்கள் மலையைச் சுற்றி ஓடவிட்டிருந்தார்கள். அவற்றுக்கு பாட் என்று பெயர். பாட் மொய்த்த பாறையில் நமக்கு மண்தான் மிஞ்சும்.

இந்த வியாபாரிகள் பேச்சில் தேன் ஒழுகும். அன்பு நண்பரே, மலிவு விலை, ஐந்தே நிமிடத்தில் டெலிவரி என்று செய்தி அனுப்புவார்கள். என் வகுப்புத் தோழி ஒருத்தி அதை நம்பிப் பாஸ்வேர்டைக் கொடுத்தாள். தங்கமும் வரவில்லை, இருந்த குதிரையும் போயிற்று. அதற்குப் பிறகு யாராவது வணக்கம் சொன்னாலே இவன் எதற்குச் சொல்கிறான் என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

பாட்களைக் கண்டுபிடிக்க அண்ணன்தான் சொல்லிக் கொடுத்தான். உடம்பில் கவசம், காலில் பூட்ஸ் எதுவும் இருக்காது. பொம்மைக்கு எவன் செலவு செய்வான்? போட்ட தடம் மாறாமல் சுற்றும், பாறைக்குப் பாறை நின்று நின்று போகும், என்ன கேட்டாலும் வாய் திறக்காது. இப்படி ஒன்றைப் பார்த்தால் புகார் பட்டனை அழுத்த வேண்டும். நாலைந்து புகார் சேர்ந்தால் கேம் நடத்துகிறவர்களின் காவலர் கேமுக்குள் நேரில் வந்து விசாரிப்பார். பதில் வராவிட்டால் அக்கவுண்ட் காலி. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அப்படி நான் அந்த மலையில் பார்த்தவர்கள் மேலெல்லாம் புகார் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் என்னையும் மிஞ்சிய சந்தேகக்காரி ஒருத்தி இருந்தாள். அப்பாவின் அக்கா. கீழ்பென்னாத்தூரில் பேன்சி ஸ்டோர் வைத்திருந்த என் அத்தை, ஐந்நூறு ரூபாய் நோட்டை வெயிலில் காட்டிப் பார்க்காமல் கல்லாவில் போடமாட்டாள். காய்கறி வண்டிக்காரரின் தராசு, பக்கத்து வீட்டுக்காரரின் இருமல் எதையும் அவள் அப்படியே விட்டதில்லை. அவள் கேள்வி கேட்காமல் நம்பியது எங்கள் ஊர் மலையை மட்டும்தான். மாமா டிரைவர் வேலைக்குக் குவைத் போன மாதத்திலிருந்து பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் வந்துகொண்டிருந்தாள். அவர் நல்லபடியாகத் திரும்பி வந்து சேருகிற வரைக்கும் ஒரு பௌர்ணமியும் தவறக்கூடாது என்று வேண்டுதல். அப்படி ஒரு பௌர்ணமிக்கு முன்னதாகவே எங்கள் வீட்டுக்கு வந்தவள், பஸ் நின்றுபோனதால் எங்களோடேயே மாட்டிக்கொண்டாள்.

கிரிவலத்துக்குத் தடை போட்டுப் பாதையெல்லாம் தடுப்பு வைத்துவிட்டார்கள். அப்பா கலெக்டர் ஆபீசில் வேலை பார்த்ததால் தம்பி ஒரு பாஸ் வாங்கித் தரமாட்டானா என்று அத்தைக்கு நப்பாசை. ஆர்டரை டைப் அடித்த ஆபீஸ்காரனே அதை மீறினால் ஊர் சிரிக்கும் என்று அப்பா கையை விரித்துவிட்டார். அந்தப் பௌர்ணமிக்கு அத்தை எங்கள் மொட்டை மாடியிலேயே சுற்றிச் சுற்றி வந்தாள். எதிரில் மலை முழுசாகத் தெரிந்தது. கீழே இறங்கி வந்தவள், நான் சுத்தினது உங்க தண்ணி டேங்கத்தான் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். எனக்குப் பாவமாக இருந்தது.

அடுத்த பௌர்ணமி நெருங்கியபோது ஒருநாள் என் பின்னால் வந்து நின்றாள். திரையில் மலை, அதைச் சுற்றி வரிசையாகப் பாட்கள். பாறைக்குப் பாறை நின்று, குனிந்து நிமிர்ந்து வெட்டிக்கொண்டிருந்தன.

"எவ்ளோ ஜனம் சுத்துது பாரேன். என்ன பக்தி! இங்கல்லாம் போலீஸ் நிறுத்தலியா?"

அவர்கள் கும்பிடவில்லை, தங்கம் வெட்டுகிறார்கள், எல்லாம் திருட்டுக் கூட்டம் என்று விளக்கினேன். அத்தை அசரவில்லை. "திருடனுந்தான் மலை சுத்துவான். அவனுக்கு வேண்டுதல் இருக்காதா?" என்றாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, தானும் இதில் ஒருதரம் சுற்றலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

அந்த முறை திதி முற்பகலிலேயே பிறந்துவிட்டது. அத்தை தலைக்குக் குளித்து, விபூதி பூசி, நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். அம்புக்குறி பட்டன்களைக் காட்டிக் கொடுத்தேன். என்னுடைய வீரன் எத்தனையோ வார உழைப்பில் சேர்த்த கவசமும் நீல வாளுமாக நின்றான். அத்தை அவன் காலைத்தான் பார்த்தாள்.

"பூட்ஸு போட்டுக்கினு யாராவது மலை சுத்துவாங்களா? கழட்டு."

கழற்றினேன். சாமி முன்னால் கத்தி எதற்கு என்றாள். கவசமும் வாளும் பெட்டிக்குள் போயின. உள் ஓரத்தில் சித்தர்கள் நடப்பார்கள் என்பதால் மலையை வலப்பக்கம் வைத்து இடது ஓரமாகவே போக வேண்டும் என்றாள். இந்திர லிங்கம் எங்கே, அக்னி லிங்கம் எங்கே என்று கேட்டாள். எட்டுப் பெரிய தங்கப் பாறைகளைக் காட்டி எட்டு லிங்கத்தின் பெயரையும் சொல்லிவிட்டேன். ஏழாவது பாறையில் எப்போதும் கூட்டம் நெரியும் என்பதால் அதுதான் குபேர லிங்கம் என்றதும் அத்தைக்குப் பரம திருப்தி. சுற்றி முடிக்கும் வரை மௌனம் என்று சைகை காட்டிவிட்டு நடக்க ஆரம்பித்தாள்.

வெறுங்காலோடு, வெறும் உடம்போடு, ஒரே ஓரமாக, பாறைக்குப் பாறை நின்று, வாய் திறக்காமல் என் வீரன் போனான். வேறு யாராவது அப்படிப் போயிருந்தால் நானே முதல் ஆளாகப் புகார் கொடுத்திருப்பேன். அம்புக்குறியை அழுத்துவது என் சொந்த அத்தை என்பதால் எனக்கு எதுவும் தோன்றவில்லை. அம்மா மாடியில் துணி எடுக்கக் கூப்பிட்டாள், போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது திரை கறுத்து, நடுவில் ஒரு வரி இங்கிலீஷ் மட்டும் கிடந்தது. அத்தை கைகூப்பியபடி உட்கார்ந்திருந்தாள். கன்னமெல்லாம் ஈரம்.

"சித்தர் வந்தாரு கண்ணு" என்றாள். வெள்ளை அங்கி, தலையைச் சுற்றி வெளிச்சம், நேராக எதிரில் வந்து நின்றாராம். என்னமோ எழுத்தெழுத்தாகக் கேட்டாராம். மௌனத்தில் இருந்ததால் இவள் பட்டனிலிருந்து கையை எடுத்துக் கும்பிட்டாளாம். மறுபடி கேட்டாராம், மறுபடி கும்பிட்டாளாம். அப்புறம் மறைந்துவிட்டாராம்.

அண்ணனைக் கத்திக் கூப்பிட்டேன். வெள்ளை அங்கி அந்தக் காவலர்களின் யூனிஃபார்ம். அண்ணன் வந்து திரையில் இருந்ததைப் படித்தான்: பாட் என்று சந்தேகித்து இந்த அக்கவுண்ட் மூடப்பட்டுள்ளது. எந்தத் தங்க வியாபாரிக்கு பாஸ்வேர்டைக் கொடுத்தாய் என்று முதலில் என்னைத்தான் பிடித்தான். நடந்ததைச் சொன்னதும் அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நான் தரையில் புரண்டு அழுதேன். அத்தை என் வாளைப் பற்றியோ கவசத்தைப் பற்றியோ கேட்கவில்லை. நின்றது எந்த இடம், குபேர லிங்கம் தாண்டியாச்சா என்று கேட்டாள். தாண்டவில்லை. அன்றும் அவள் சாப்பிடவில்லை. எனக்காகத்தான் பட்டினி கிடக்கிறாள் என்று நினைத்து, என் அழுகையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

மேல்முறையீடு என்று ஒன்று இருந்தது. பதில் சொல்லாமல் ஏன் சுற்றினீர்கள் என்று எழுதி அனுப்ப வேண்டும். கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டிருந்தார்கள் என்று எழுதிவிடலாம் என்றான் அண்ணன். சாமி காரியத்தில் பொய் வேண்டாம், வீட்டுக்காரர் நல்லபடியா வரணும்னு மலை சுத்தினேன்னு எழுது என்றாள் அத்தை. இதையெல்லாம் அவர்கள் நம்பமாட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது. இருந்தாலும் அண்ணன் அவள் சொன்னபடியே இங்கிலீஷில் எழுதி அனுப்பினான்.

சில நாள் கழித்துப் பதில் வந்தது. தவறுக்கு வருந்துகிறோம், அக்கவுண்ட் திறக்கப்பட்டது. அவ்வளவுதான். இதுவும் வியாபாரிகளின் தந்திரமாக இருக்கும் என்று நான் முதலில் தொடவே இல்லை. அண்ணன் திறந்து பார்த்துவிட்டுக் கூப்பிட்டான். வீரன் குபேர லிங்கத்துக்குச் சற்று முன்னால், நிறுத்திய அதே இடத்தில், பாட்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தான்.

பௌர்ணமி எப்போதோ முடிந்திருந்தது. இனி நடந்து என்ன பிரயோஜனம் என்று அப்பாகூடச் சொன்னார். "நிறுத்தினது அவங்க. நான் நிறுத்தல" என்று சொல்லிவிட்டு அத்தை குளிக்கப் போனாள். வந்து உட்கார்ந்து குபேர லிங்கம், ஈசான்ய லிங்கம் இரண்டிலும் நின்று கும்பிட்டு, சுற்றைத் தொடங்கிய இடத்தில் வீரனைக் கொண்டுவந்து நிறுத்தினாள். பிறகு இடுப்பிலிருந்து தன் ஃபோனை எடுத்து, மாமாவுக்கு நீ போட்டுக் கொடு என்று என்னிடம் நீட்டினாள்.

போட்டேன். மணி அடித்தது. அடித்து அடித்து நின்றுபோனது. மாமா எடுக்கவில்லை, வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார், அப்புறம் பேசலாம் என்று பெரிய மனுஷி மாதிரி சமாதானம் சொன்னேன். அத்தை முகத்தைப் புடவையில் மூடிக்கொண்டு ஓவென்று அழுதாள். அப்பா உள்ளேயிருந்து ஓடி வந்தார்.

"அடிக்குதுடா" என்றாள் அத்தை. "ரிங்கு அடிக்குதுடா."

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஃபோன் என்றால் அடிக்கத்தானே செய்யும்? எடுக்காத ஃபோனுக்கு இவ்வளவு அழுகையா? மாமா இருந்த இடத்தில் நோய் பரவி, ஆட்களை எங்கெங்கோ கொண்டுபோய் அடைத்திருக்கிறார்கள் என்பதைப் பெரியவர்கள் எங்கள் காதில் போடவில்லை. ஊர் மூடிய சில நாட்களிலேயே அந்த நம்பர் அணைந்துபோனதும், தினமும் நாங்கள் எழுந்திருக்கும் முன்பே அத்தை மாடிக்குப் போய் அந்த நம்பரைப் போட்டுப் பார்த்து, பதிவு செய்த குரலை மட்டும் கேட்டுவிட்டு இறங்கி வந்ததும், உலகத்தில் எல்லாரையும் சந்தேகப்பட்ட எனக்குத் தெரியாது.

அவளுக்கு விஷயம் புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, மாமா எடுக்கவே இல்லை அத்தை என்று மறுபடியும் பொறுமையாக எடுத்துச் சொன்னேன்.

"எடுக்க வேணாம் கண்ணு" என்றாள் அத்தை. "இன்னொரு வாட்டி போடு. அடிச்சா போதும்."