டோர்கில் வீட்டு வாசலுக்கு யார் வளைவு கட்டுவது?

டோர்கில் வாழ்நாள் முழுக்க அடுத்தவர் காரில் குற்றம் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவர். ஊருக்கு வெளியே, டிராக்டர் கடைக்குப் பக்கத்தில், வண்டிகளுக்குத் தகுதிச் சான்று கொடுக்கும் நிலையம் இருக்கிறது. அங்கே அவர்தான் சோதனையாளர். நம் காருக்கு அடியில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நுழைவார். கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. பிறகு வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டே "தேறல" என்பார். தெரிந்தவர், தெரியாதவர் என்று பார்க்க மாட்டார். என் கார் தேறவில்லை. பாதிரியாரின் கார் தேறவில்லை. சொந்த மனைவி பொடிலின் காரையே ஒருமுறை தேறவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அன்று மாலை அவளோடு பஸ்ஸில் வீடு திரும்பினார். வழியெல்லாம் இரண்டு பேரும் வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்ததாகக் கேள்வி.

தெருவிலும் ஆள் அப்படித்தான். எங்கள் வானம்பாடித் தெருச் சங்கத்தில் செடிவேலிகளின் உயரத்தைக் கவனிக்கும் பொறுப்பு அவருடையது. வேறு யாரும் அந்தப் பொறுப்பைக் கேட்டதில்லை. வசந்தம் வந்தால் அளவு நாடாவோடு கிளம்பிவிடுவார். எதிர்வீடான என் வேலி ஒரு சாண் கூடுதல் என்றார். இன்றும் அது ஒரு சாண் கூடுதலாகத்தான் இருக்கிறது. செடி வளரும். அதற்கு இந்த ரிக்மோர் என்ன செய்வாள்?

ஆனால் வாசல் வளைவு என்று வந்துவிட்டால் டோர்கிலை விட்டால் ஆள் கிடையாது. ஒரு தம்பதிக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் ஆனால், அன்று விடியற்காலையில் அக்கம்பக்கத்தார் போய், அவர்கள் வாசலில் ஊசியிலைக் கிளைகளால் வளைவு நிறுத்தி, வெள்ளித்தாள் பூக்களைச் செருகி, பாட்டுப் பாடி எழுப்ப வேண்டும். பன்னிரண்டரை வருடத்துக்கும் உண்டு. அதற்குப் பாதி வளைவு. வீட்டுக்காரர்கள் ஒன்றும் தெரியாதவர்கள்போல் தூங்க வேண்டும். பிறகு திடுக்கிட்டு எழுந்து, தெரு முழுவதற்கும் காலைச் சாப்பாடு போட வேண்டும். பன், வெண்ணெய், சீஸ், சின்னக் கோப்பையில் கசப்புச் சாராயம். எல்லாவற்றையும் முந்தின நாளே வாங்கி வைத்திருப்பார்கள். ஆனாலும் திடுக்கிடுவார்கள்.

இந்தத் தெருவில் நிமிர்ந்து நின்ற ஒவ்வொரு வளைவையும் டோர்கில்தான் தன் கார் ஷெட்டில் வைத்துக் கட்டினார். நாங்கள் பீர் குடித்துக்கொண்டு அவர் நீட்டச் சொன்னதை நீட்டினோம், பிடிக்கச் சொன்னதைப் பிடித்தோம்.

இப்படிப்பட்ட வீட்டின் மாடி அறைக்கு ஜனவரியில் வூலன் வந்து சேர்ந்தாள். ஜாவாவில் இருக்கும் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பருவத்துக்கு மாற்று மாணவியாக வந்தவள். பக்கத்து நகரத்துக் கல்லூரியில் ஸ்காண்டிநேவியச் சமூகமும் பண்பாடும் என்று ஒரு படிப்பு நடக்கிறது. அதாவது எங்களைப் பற்றிய படிப்பு. எங்களைப் பற்றிப் படிக்க என்ன இருக்கிறது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாக இருந்தது. எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும் என்று பொடில் அவளிடம் பலமுறை சொல்லிப் பார்த்தாள். அவளுக்கு வாய் வரவில்லை. தன் ஊர் வழக்கப்படி எல்லாரோடும் ஓர் அப்பாவையோ அம்மாவையோ சேர்த்துக்கொண்டாள். டோர்கிலுக்குப் பிள்ளைகள் இல்லை. அறுபது வயதில் திடீரென்று "டோர்கில் அப்பா" ஆனதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தடுக்கவும் இல்லை.

உள்ளூர் வழக்கம் ஒன்றில் கலந்துகொண்டு கட்டுரை எழுத வேண்டும் என்பது அவளுடைய ஆசிரியர் கொடுத்த வேலை. மார்ச் மாதம் தெருக்கோடியில் இருக்கும் இளம் தம்பதிக்குப் பாதி வளைவு வந்தது. வூலன் ஷெட்டுக்கு வந்து, பிசின் ஒட்டி விரல் கறுக்கக் கிளை கட்டினாள். அன்று இரவுச் சாப்பாட்டில்தான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். பொடில் மறுநாள் துணி உலர்த்தும்போது எனக்கு வரி விடாமல் சொன்னாள்.

"உங்களுக்கு எப்போ வெள்ளிவிழா?"

"ஜூன் பதினாலு," என்றிருக்கிறாள் பொடில்.

"ஐயோ, பக்கத்துல வந்துடுச்சே! உங்களுக்கு யார் வளைவு கட்டுவாங்க?"

பொடில் உருளைக்கிழங்குப் பாத்திரத்தை நகர்த்தி வைத்தாள். டோர்கில் தட்டில் ஏற்கெனவே நிறைய இருந்தது. இன்னும் ஒன்று எடுத்துக்கொண்டார்.

"கட்டினா கட்டுவாங்க."

"கட்டலேன்னா?"

"கட்டலேன்னா வாசல் வாசலாவே இருக்கும். உள்ள போகலாம், வெளிய வரலாம்."

"யார்கிட்டயாவது சொல்லி வைக்கலாமே, டோர்கில் அப்பா?"

"சொல்லிக் கட்ட வச்சா அது வளைவு இல்ல. மரவேலை."

"எங்க ஊர்ல தெருத் தலைவர் மைக்ல அறிவிச்சுடுவாரு. வராதவங்க வீட்டுக்கு ஆளே அனுப்புவாரு."

டோர்கில் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டாராம். மைக்கை நினைத்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"பதினாலாம் தேதி லீவு போட்டிருக்காரு, ரிக்மோர்," என்றாள் பொடில், கிளிப்பை வாயில் கடித்தபடி. "கேட்டா, கார் கழுவணுமாம். நான் பன்னுக்குச் சொல்லிட்டேன். ஆனா நம்ம ஊர் பேக்கரியில இல்ல. ஆத்துக்கு அந்தப் பக்கம் போய்ச் சொன்னேன்."

ஏன் என்று நான் கேட்கவில்லை. யாரும் வராமல் போனால் அத்தனை பன்னையும் என்ன செய்தாள் என்று உள்ளூர் பேக்கரிக்காரி ஆயுள் முழுக்கப் பேசுவாள். எனக்கு அப்போது பொடிலைப் பார்க்கப் பாவமாகவும் கொஞ்சம் சிரிப்பாகவும் இருந்தது. ஏற்பாடு நடந்துகொண்டிருக்கிறது என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஜூன் பிறந்தது. ஒரு மாலை வூலன் என் கதவைத் தட்டினாள்.

"ரிக்மோர் அம்மா, டோர்கில் அப்பா வீட்டு வளைவை யார் கட்டறாங்க?"

தெருவில் யாருக்காவது கேட்டுவிட்டதா என்று எட்டிப் பார்த்துவிட்டு அவளை உள்ளே இழுத்தேன். "இப்படியா நடுவாசல்ல நின்னு கேப்பாங்க? ஐவின்தான் கட்டறான்."

"அவர் சொன்னாரா?"

"அதை எதுக்குச் சொல்லணும்? வலது பக்கத்து வீடு. அவன்தான் ஆரம்பிக்கணும். நாங்க முந்திக்கிட்டா அவனை அவமானப்படுத்தின மாதிரி ஆயிடும்."

"அவங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதே இல்லையே?"

"பேசறதுக்கும் வளைவுக்கும் என்னடி சம்பந்தம்?"

அவர்கள் பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஐவின் பால் லாரி ஓட்டுகிறவன். ஆள் குள்ளம், குரல் மட்டும் ஆளைவிடப் பெரியது. அவன் சொந்தக் காரை டோர்கில் தேறவில்லை என்று திருப்பி அனுப்பினார். மறு வாரம் அவன் வேலியையும் அளந்தார். ஒன்றை மட்டும் செய்திருந்தால் பொறுத்திருப்பான். அதற்காக எங்கள் தெருவில் யாரும் சண்டை போடுவதில்லை. எதிர்ப்பட்டால் இரண்டு பேரும் தலையை ஆட்டுவார்கள். புதிதாகப் பார்ப்பவர்கள் நல்ல சிநேகிதர்கள் என்றே நினைப்பார்கள்.

வூலன் வீடு வீடாகப் போனாள். எல்லா வீட்டிலும் ஒரே பதில்: ஐவின் கட்டுகிறான். கடைசியாக ஐவின் வீட்டுக்குப் போனாள். அந்த நேரம் பார்த்து என் வேலியை வெட்டுவது எனக்கு மிகவும் அவசரமாகிவிட்டது.

"எப்போ ஆரம்பிக்கப் போறீங்க, ஐவின் அப்பா?"

"எதை?"

"வளைவை."

ஐவின் முகம் சிவந்துவிட்டது. "எல்லாருமா சேர்ந்து எனக்குத் தெரியாமக் கட்டிக்கிட்டு இருக்கீங்க. இதுல எப்போன்னு எங்கிட்டயே வந்து கேக்கறியா? கட்டுங்க, நல்லாக் கட்டுங்க. எனக்கென்ன போச்சு? இத்தனை வருஷம் பக்கத்து வீட்டுல இருக்கேன். ஒருத்தன் ஒரு வார்த்தை சொல்லலை."

"யாரும் கட்டலை."

"என்ன?"

"யாருமே கட்டலை. நீங்க கட்டுவீங்கன்னு எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க."

அவன் அவளைப் பார்த்தான். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தான். வேலிக்கு மேலே என் தலை தெரிந்திருக்க வேண்டும், என்னையும் பார்த்தான். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டான். நான் வெட்டத் தேவையில்லாத ஒரு கிளையை வெட்டினேன்.

மறுநாள் ஒன்றும் நடக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. எனக்கு ஐவின் மேல் ஆத்திரமாக வந்தது. டோர்கில் மேலும்தான். கொஞ்சம் வளைந்து கொடுத்திருந்தால் இந்த மனிதருக்கு இந்தக் கதி வருமா? மாலையில் அவர் தோட்டத்தில் நின்று, ஏற்கெனவே சுத்தமாக இருந்த மண்வெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எந்த ஷெட்டிலிருந்தாவது சத்தம் வருகிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்று என்னால் சத்தியம் செய்ய முடியும். காற்றுதான் வந்தது.

மூன்றாம் நாள் பகலில், டோர்கில் வேலைக்குப் போயிருந்த நேரம், ஐவின் இரவல் கார் ஒன்றுக்குப் பின்னால் இழுவண்டி நிறைய ஊசியிலைக் கிளைகளைக் கட்டிக்கொண்டு நேராக என் வீட்டு முற்றத்துக்குள் ஓட்டி வந்தான்.

"உன் ஷெட்டைத் திற."

"ஏன் என் ஷெட்டு?"

"என் ஷெட்டுல ஆணி அடிச்சா அவனுக்குக் கேக்கும். உன்னுதுல வெறும் பழைய சைக்கிள்தானே கெடக்கு? திற, ரிக்மோர்."

அன்று மாலை எல்லா வீட்டிலிருந்தும் ஆள் வந்தார்கள். அப்போதுதான் ஓர் உண்மை விளங்கியது. இத்தனை வளைவுக்கும் உடனிருந்த எங்களில் ஒருவருக்கும் வளைவு கட்டத் தெரியாது.

"கிளையோட நுனி மேல பாக்கணுமா, கீழ பாக்கணுமா?"

"டோர்கிலைக் கேட்டாத் தெரியும்."

"போய்க் கேளேன், வாயைத் திறந்து."

நுனி ஒரு பக்கம் மேலேயும் மறுபக்கம் கீழேயும் போயிற்று. உயரத்துக்கு ஐவின் தன் தலைக்கு மேல் கையை வைத்துக் காட்டி, "இவ்வளவு போதும்" என்றான். அவன் தலையே எந்த உயரத்தில் இருக்கிறது என்று யாரும் யோசிக்கவில்லை, பீர் நன்றாக இருந்தது. வூலனுக்குக் காகிதப் பூ மடிக்க வரவில்லை. அவள் ஊர்க் கல்யாண வாசலில் தென்னங்குருத்தைப் பின்னித் தொங்கவிடுவார்களாம். அதேபோல் வெள்ளித்தாளைப் பின்னித் தொங்கவிட்டாள். அந்த வளைவில் ஒழுங்காக இருந்தது அது ஒன்றுதான்.

பதினாலாம் தேதி சூரியன் எங்களுக்கு முன்னால் எழுந்துவிட்டது. வளைவைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து வாசலில் நிறுத்தினால், அகலம் கூடுதல், அடங்கவில்லை. ஐவின் அங்கேயே ரம்பத்தை எடுத்தான்.

அந்த நேரம் படுக்கையறையில் நடந்ததைப் பொடில் பிறகு சொன்னாள்.

"அறுக்கறாங்க, பொடில். வாசல்ல வச்சு அறுக்கறாங்க. அளவு தப்பு."

"நீ தூங்கிக்கிட்டு இருக்கே."

"ஆணி வளையுது. கேக்குதா?"

"தூங்கறவங்களுக்கு எப்படிக் கேக்கும்?" அவர் எழுந்துவிடாமல் இருக்கச் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாளாம்.

"வளைவோட இடது கால் தரையில உக்காரலை. நான் போய் ஒரே ஒரு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். வெளியே ஐவின், தன் வழக்கமான குரலில், "பிடிடா நேரா!" என்று கத்தியிருக்கிறான். "அது யார் குரல்?"

"உனக்குத் தெரியாதா?"

அதற்குப் பிறகு அவர் அளவைப் பற்றிப் பேசவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நாங்கள் பாடத் தொடங்கும் வரை திரும்பவே இல்லை.

தெருவில் ஒருவன் அக்கார்டியன் துருத்திப்பெட்டி வாசிக்க, நாங்கள் பாடினோம். மூன்றாவது பாட்டில் கதவு திறந்தது. இரண்டு பேரும் இரவு அங்கியில் நின்றார்கள். டோர்கில் முகம் சவரம் செய்து பளபளவென்று இருந்தது. பொடில் நன்றாகத் திடுக்கிட்டாள். டோர்கில் வெளியே வர ஓர் அடி வைத்தார். வளைவு அவர் நெற்றியில் இடித்தது. குனிந்து வந்தார்.

பாட்டு தானாக நின்றுவிட்டது. அவர் வளைவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஒரு பக்கம் நிமிர்ந்தும் மறுபக்கம் தலைகீழாகவும் இருந்த கிளைகளைப் பார்த்தார். வெள்ளித்தாள் பின்னலை விரலால் தொட்டார். இடது காலில் கையை வைத்து லேசாக அழுத்தினார், மொத்த வளைவும் ஆடியது. குனிந்து அடியில் பார்த்தார். தெருவே மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது. எங்கள் எல்லாருக்கும் அந்த மௌனம் பழக்கமானதுதான். அதன் முடிவில் என்ன வரும் என்பதும் தெரியும்.

நிமிர்ந்து, வழக்கம்போல் கையை அங்கியில் துடைத்துக்கொண்டார்.

"ஐவின்."

"ம்."

"தேறிடுச்சு."

நான் அக்கார்டியன்காரனை ஒரு குத்துக் குத்தினேன், அவன் மறுபடி வாசிக்கத் தொடங்கினான். எல்லாரும் குனிந்து குனிந்து உள்ளே போனோம். ஐவினுக்கு மட்டும் குனிய வேண்டியிருக்கவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பன் நம் ஊர்ப் பன்னைவிட நன்றாக இருந்தது. மூன்றாவது கோப்பைக் கசப்புச் சாராயத்துக்குப் பிறகு ஐவின் மேஜைக்குக் குறுக்கே சாய்ந்தான்.

"அப்போ என் கார்?"

"கார் தேறாது," என்றார் டோர்கில். "வெண்ணெயை இப்படித் தள்ளு."

வூலன் கட்டுரையைக் கொடுத்துவிட்டு மாதக் கடைசியில் ஊருக்குப் போனாள். இங்கே எல்லாரும் எல்லாவற்றையும் சேர்ந்துதான் செய்கிறார்கள், ஆனால் யாரும் யாரையும் கேட்டுவிடக் கூடாது என்று எழுதியிருந்தாளாம். இதற்கு ஆதாரம் எங்கே என்று ஆசிரியர் கேட்டிருந்தார். டோர்கில் அவளை ரயிலடியில் விட்டுவிட்டு வந்து, தன் வாசலில் குனிந்து உள்ளே போனார்.

கட்டியவர்களே வந்து பிரித்துக்கொண்டு போவதும் வழக்கம். கிளைகள் பழுத்து, வாசல் முழுக்க ஊசியிலை உதிரத் தொடங்கியதும், ஐவின் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு போனான். டோர்கில் வெளியே வந்தார். நெற்றியில் அதே இடத்தில் அன்றும் இடித்துக்கொண்டார். தேய்த்துக்கொண்டே சொன்னார்:

"இருக்கட்டும், ஐவின். இன்னும் ஒரு வாரம்."