பின் சைட்டில் காய்ந்த சந்தனம்

"செல்வா, நீ சரி பண்ணிக் குடுத்த ரைபிள் திரும்பி வந்திருக்கு" என்று டேல் கூப்பிட்டார்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. மனைவிக்கு அமெரிக்காவில், இர்விங் நகரத்தில் நர்ஸ் வேலை. அவள் விசாவை ஒட்டி வந்த நான், டேலின் துப்பாக்கி ரிப்பேர் கடையில் லேத் ஓட்டினேன். பிறகு டேல் என்னை ரிப்பேர் பெஞ்சில் உட்காரவைத்து, "ஒரு வேலை திரும்பி வந்தாலும் மறுபடி லேத்துதான்" என்று சொல்லியிருந்தார். முதலில் வந்தது ரேமண்ட் என்ற வாடிக்கையாளரின் ரைபிள். இந்தியாவில் செய்த பழைய ராணுவ ரைபிள். அதன் மரக்கட்டையில் இருந்த விரிசலை ஒட்டிக் கொடுத்தேன்.

அதுதான் திரும்பி வந்திருந்தது. ரேமண்டும் நின்றிருந்தார், ரிட்டயரான தபால்காரர். டார்கெட் பேப்பரை விரித்தார். முதல் குண்டு நடுவில். அடுத்தது கொஞ்சம் மேலே. அதற்கடுத்தது இன்னும் மேலே.

"சனிக்கிழமை கிளப்ல போட்டி இருக்கு. இதை வெச்சுக்கிட்டு எப்படிப் போறது?" என்றார்.

குறி பார்க்கும் பின் சைட்டில், தூரத்துக்கு ஏற்றபடி அதை உயர்த்தி வைக்கும் ஸ்லைடை விரலால் தள்ளிப் பார்த்தேன். பக்கத்துப் பட்டனை அழுத்தி, நாட்ச் என்ற பல்வெட்டிலிருந்து கொக்கியை விடுவித்தால்தான் அது நகர வேண்டும். அழுத்தாமலே நகர்ந்தது. சுடும்போது வரும் உதைப்பில் தானே நகர்ந்து சைட்டை உயர்த்துகிறது. இதுவரை சரியாகத்தான் பிடித்தேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

"இந்தியன் மேக் இல்லையா, இப்படித்தான் இருக்கும். இரும்பு மட்டம். நாட்ச் தேஞ்சுபோச்சு" என்றேன். டேல் முன்னால் நல்ல பேர் வாங்கும் ஆசை. எங்கள் ஊரை நானே மட்டம் தட்டினால் நான் வேறு ரகம் என்று நினைப்பார் என்று ஒரு கணக்கு.

ரேமண்டுக்குப் பிடிக்கவில்லை. "என்கிட்ட இருக்குறதுலயே நல்ல ரைபிள் இதுதான். உங்க ஆளுங்க ஒழுங்காத்தான் செஞ்சிருக்காங்க."

டேல் சைட்டைக் கழற்றி லென்ஸுக்கடியில் வைத்தார். நாட்சுகளில் மஞ்சளாக ஏதோ காய்ந்து கெட்டியாகியிருந்தது. கொக்கி உள்ளே இறங்க இடமில்லை. ஊசியால் சுரண்டினார். நடுவில் சிவப்பாக ஒரு துணுக்கு. மோந்து பார்த்தார்.

"துரு இல்ல. சோப்பு வாசம் அடிக்குது. என்னது இது?"

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. ஆயுத பூஜை அன்று காலையில் மனைவி சந்தனமும் குங்குமமும் இருந்த கிண்ணத்தைக் கையில் கொடுத்து, "நமக்குச் சோறு போடுற மெஷினுங்க. ஒரு பொட்டு வெச்சுட்டு வாங்க" என்றாள். டேல் வருவதற்குள் லேத்துக்கு வைத்தேன், டிரில்லுக்கு வைத்தேன். கட்டை ஒட்டி முடித்து ரேக்கில் இந்த ரைபிள் நின்றது. ஊர்க்காரனைப் பார்த்த சந்தோஷத்தில் சைட்டிலேயே பெரிதாக அப்பினேன். மாலையில் துணியால் துடைத்ததோடு சரி.

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர்கள் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ரேமண்ட் நிதானமாகக் கேட்டார்: "சாமின்னு கும்பிட்டிருக்கே. அப்புறம் எப்படி அதையே மட்டம்னு சொன்னே?"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் கூடத்தைக் கோணலாக்கியதும் அல்லாமல், கட்டிய கொத்தனாரையும் திட்டினேன்.

டேல் சால்வென்டில் கழுவி மாட்டினார். ஸ்லைடு 'டக்' என்று பூட்டிக்கொண்டது. இரும்பில் ஒரு தேய்மானம் இல்லை. நான் லேத்துக்குப் போனேன். பெஞ்சுக்குத் திரும்ப ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது.

புதிதாக பெஞ்சில் உட்காருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: கழற்றிப் பார்க்காமல் காரணம் சொல்லாதீர்கள். யாருக்கோ நல்ல பிள்ளையாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்லவே சொல்லாதீர்கள்.

இப்போது என் டூல் பாக்ஸ் மூடிக்கு மட்டும்தான் பொட்டு. மனைவி ஒவ்வொரு வருஷமும் கிண்ணத்தை நீட்டி, "உங்க வாய்க்கும் ஒண்ணு வெச்சுக்குங்க, கொஞ்சம் ஒட்டிக்கிட்டு மூடியே இருக்கட்டும்" என்பாள். சிரிக்கத்தான் பார்க்கிறேன். ரேமண்டின் முகம் வந்து நிற்கிறது.