சக்கரம் புகாத தெரு

வருஷத்தில் ஒரு நாள் தவிர மற்ற நாளெல்லாம் எங்கள் தெருவின் நடு எங்களுடையது அல்ல. ஓரம்தான் எங்களுடையது. சாக்கடையை ஒட்டி ஒரு முழம், அவ்வளவுதான். நடுவில் திருப்பதி போகிற கரி பஸ் வரும், முதுகில் அடுப்பைக் கட்டிக்கொண்டு, காசநோய்க்காரன்போல் இருமிக்கொண்டு. திருவாலங்காட்டு நெல் வண்டிகள் வரும். ஸ்டேஷன் ஜட்கா வரும். எது வந்தாலும் ஒரே சத்தம்தான்: ஓரம் போ, ஓரம் போ. அந்தத் தெருவில் பிறந்த குழந்தைகள் நாங்கள் நிமிர்ந்து நடக்கக் கற்பதற்கு முன்னால் ஒதுங்கக் கற்றோம்.

மிச்சமிருக்கிற அந்த ஒரு நாள் சித்திரையில் வரும். அம்மையார்குப்பத்து நெசவாளர்கள் காவடி எடுத்துக்கொண்டு எங்கள் தெரு வழியாகத்தான் மலைப்படிக்குப் போவார்கள். வெறுங்காலோடு வருகிறவர்கள். கப்பி ரோடு அந்த வெயிலில் தோசைக்கல். அதனால் விடிந்ததும் வீட்டுக்கு ஐந்து குடம், பத்து குடம் என்று தெரு முழுக்கத் தண்ணீர் ஊற்றுவார்கள். பிறகு ஸ்டேஷன் பக்கத்து முனையில், லாந்தர்க் கம்பத்துக்கும் புங்கமரத்துக்கும் நடுவே, வைக்கோல் பிரிக் கயிற்றில் வேப்பிலை செருகிக் குறுக்கே கட்டுவார்கள். கட்டியாயிற்று என்றால் சக்கரம் உள்ளே வரக்கூடாது, செருப்பும் வரக்கூடாது. முதல் காவடி வந்து, அதன் தலைவர் அரிவாளால் கயிற்றை அறுக்கும் வரை தெரு சாமியுடையது. சக்கரம் ஏறிய ஈரத்தில் நடந்தால் காவடிக்காரர் பாதம் கொப்பளித்துவிடும் என்று ஊரே நம்பியது. நான் ஊரைவிடக் கொஞ்சம் கூடவே நம்பினேன்.

கயிற்றுக்குக் காவல் நிற்பது பெரியவர்கள் அல்ல, குழந்தைகள். இதில் ஒரு தந்திரம் இருந்தது. பெரியவர் ஒருவர் நின்றால் அதிகாரி வண்டி வரும்போது கயிறு தானே அவிழும், சம்பந்தி வண்டி வந்தால் இன்னும் சீக்கிரம் அவிழும். ஒன்பது வயதுக்கு ஏது சம்பந்தி, ஏது அதிகாரி! முகதாட்சண்யம் முளைக்காத வயசாகப் பார்த்து வருஷம் ஒரு பிள்ளையின் கையில் வேப்பங்கொத்தைக் கொடுத்து நிறுத்துவார்கள். போன வருஷம் எதிர்வீட்டுப் பையன் நின்றான். அவனுடைய சித்தப்பா ஒரு முறுக்கை நீட்டியதும் சைக்கிளோடு அவரை உள்ளே விட்டுவிட்டான். அன்றிலிருந்து அவன் பெயர் முறுக்கு. வாத்தியார்கூட வாய் தவறி ஒருமுறை அப்படிக் கூப்பிட்டார்.

இந்த வருஷம் கொத்து என் கையில்.

அதே நாளில்தான் அக்காவைப் பெண் பார்க்கப் புத்தூரிலிருந்து வருகிறார்கள். இது மூன்றாவது. முதலாவது ஜாதகத்தில் தட்டிப்போயிற்று. இரண்டாவது ஆட்கள், பெண் உயரம் ஜாஸ்தி என்று எழுதிப் போட்டார்கள். அவர்கள் வந்துபோன அன்று, பையன் எப்படிடி என்று அம்மா கேட்டதற்கு, "எனக்கு இன்னாம்மா தெரியும்? அவரு வேட்டிக் கரை பச்சை. அவ்ளோதான் பாத்தேன்" என்று அக்கா சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. பெண் தலை நிமிரக்கூடாது. நிமிர்ந்தால் அது ஒரு குறை.

அதனால் அன்று காலை எழுந்ததிலிருந்து வீட்டில் ஒரே எச்சரிக்கை. "இன்னிக்கு யாரும் எதையும் கோணலாப் பண்ணி வெக்காதீங்க. இதுவும் போச்சுன்னா நான் மலையேறிப் போயி அங்கியே உக்காந்துருவேன்" என்றாள் அம்மா, குறிப்பாக என்னைப் பார்த்து. வரன் பார்த்தது அம்மாவின் தம்பி, என் மாமா. கயிறு கட்டுவதற்கு முன்னாலேயே ரயில் வந்துவிடும், ஜட்காவில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிடுகிறேன் என்று நைனாவிடம் சத்தியம் செய்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போயிருந்தார். சண்டைக் காலம் அது. பட்டாளத்து ரயிலுக்கு வழிவிட்டுப் புத்தூர் ரயில் எங்கேயோ நின்றுவிட்டது. கயிறு கட்டியாகிவிட்டது.

அடடா, அந்தக் காலைப்பொழுது! நனைந்த தெரு புதுத் துணிபோலக் கிடந்தது. சின்னப் பிள்ளைகள் நடுரோட்டில் உட்கார்ந்தார்கள், சும்மா உட்கார்ந்தார்கள், உட்கார முடிகிறதே என்பதற்காக உட்கார்ந்தார்கள். ஒருத்தன் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்தான். ஒதுங்கி ஒதுங்கிக் கோணிப்போன உடம்பெல்லாம் அகலமாயிற்று. ஈர மண்ணில் குச்சியால் கீறி, தெருவின் நீளவாக்கில், ஒரு வீட்டு வாசலிலிருந்து அடுத்த வீட்டு வாசல் வரை ஒரு பாண்டிக் கட்டம் போட்டார்கள். ஓரத்தில் போட்டால் நாலு கட்டம்தான் வரும். அன்று பதினாலு வந்தது. நான் ஆடவில்லை. நான் காவல். கொத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு போலீஸ்போல் நின்றேன்.

ஜட்கா வந்தது.

முன்னால் வண்டிக்காரர் பக்கத்தில் மாமா. உள்ளே ஒரு பெரியவர், ஒரு அம்மாள், ஒரு இளைஞர். யார் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"கயிறை அவுறுடி" என்றார் மாமா.

"சக்கரம் வரக்கூடாது மாமா."

"யாரு வந்துகினு இருக்காங்கன்னு தெரியுதா உனுக்கு?"

"ஆங், தெரியும். அக்காவைப் பாக்க வந்துருக்காங்க. எறங்கி நடந்து வரலாம். செருப்பைக் கழட்டிரணும்."

மாமாவின் முகம் வண்டிக்குள் ஒரு சிரிப்பும் வெளியே ஒரு முறைப்புமாக இரண்டாகப் பிரிந்தது. குனிந்து, பல்லைக் கடித்து, "வீட்டுக்கு வா, தோலை உரிக்கிறேன்" என்றார். நான் கயிற்றை நெகிழ்த்தியே இருப்பேன். கை முடிச்சு வரை போயிற்று. அப்போதுதான் புங்கமரத்தின் பின்னாலிருந்து முறுக்கின் குரல் கேட்டது.

"விடு விடு! உங்க மாமாதானே! இனிமே நானு ஒருத்தனே முறுக்கு இல்லடி!"

கை தானாகத் திரும்பி வந்தது. அக்கா கல்யாணம் ஒரு பக்கம், காவடிக்காரர் பாதம் ஒரு பக்கம், அடுத்த சித்திரை வரை என் பெயர் ஒரு பக்கம். "வரக்கூடாது" என்றேன். அழுகை முட்டிக்கொண்டு வந்ததால் அது கத்தலாக வெளியே வந்தது.

"இன்னாய்யா சங்கதி?" என்று கேட்டார் உள்ளேயிருந்த பெரியவர். மாமா விளக்கத் தொடங்கினார். அவர் விளக்க விளக்க அது இன்னும் அவமானமாகத் தோன்றிற்று. அதற்குள் அந்த இளைஞர் பின்பக்கமாகக் குதித்து இறங்கிச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். அம்மாள் ஏற்கெனவே வெறுங்கால். பெரியவர் மட்டும் அசையவில்லை. பளபளவென்று பம்ப் ஷூ போட்டிருந்தார், கழற்றவே மனசில்லை. கழற்றிய பிறகுதான் காரணம் தெரிந்தது. வலதுகால் உறையிலிருந்து கட்டைவிரல் முழுசாக வெளியே எட்டிப் பார்த்தது.

"காலைலியே சொன்னேன், அந்த மேஜோடு வாணாம்னு" என்றார் அம்மாள், ஊருக்கே கேட்கும்படி.

வழக்கப்படி நான்தான் பாதத்துக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றினேன், அந்தக் கட்டைவிரலைப் பார்க்காமல். பார்க்காததால் அவர் வேட்டியில் பாதி. அவர் ஷூவைத் தரையில் விட்டுவிட்டு நின்றார். இளைஞர் குனிந்து அதை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். மாமா பாய்ந்து, "ஐயோ, மாப்ளே, இங்க குடுங்க, நீங்க போயி இதைத் தூக்கிகினு..." என்றார். "எங்க நைனா ஷூ தானேங்க" என்று அவர் சொல்லிவிட்டு நடந்தார்.

எங்கள் வீடு தெருவின் மறுகோடி. அவ்வளவு தூரமும் அவர்கள் நடந்துதான் போகவேண்டும், தெரு முழுக்க வேடிக்கை பார்க்க. தூரத்தில் வாசலில் அம்மா தலையில் கை வைத்து நிற்பது தெரிந்தது. வேப்பங்கொத்தை முறுக்கின் கையில் திணித்தேன். அவன் அதை வாங்கிக்கொண்ட விதத்தில் ஒரு வருஷத்துக் கண்ணீர் இருந்தது. பின்சந்து வழியாக ஓடினேன். புறக்கடைக் கதவு, மரப்படி, மச்சு. நெல் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதுதான் திட்டம்.

மச்சில் அக்கா இருந்தாள்.

கீழே உள்ளறையில், தலை பின்னி, பூ வைத்து, பாயில் உட்கார்ந்திருக்க வேண்டியவள். பாதி பின்னிய சடையோடு தெருப்பக்கத்துச் சின்ன ஜன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றாள். நான் வந்ததற்குத் திரும்பவில்லை.

"சந்தனக் கலர் சட்டைதானே?"

"ஆங்."

"கையில இன்னாடி அது?"

"ஷூ. அவங்க நைனாது."

"யாரு எடுக்கச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லலை. அவரே எடுத்தாரு. மாமா கேட்டாரு, தரலை. அக்கா, நான் வேணும்னு பண்ணலை, முறுக்குதான்..."

"சும்மா இரு."

மூட்டை மேல் ஏறி நானும் எட்டிப் பார்த்தேன். அவர்கள் பாதித் தெரு வந்திருந்தார்கள். வீட்டுக்கு வீடு பெண்கள் வழக்கம் விடாமல் காலில் தண்ணீர் ஊற்றினார்கள். பெரியவர் ஈர வேட்டியைத் தூக்கிப் பிடித்துக் கொக்குபோல் நடந்தார். பாண்டிக் கட்டம் வந்தது. "மிதிக்காதீங்கோ! மிதிக்காதீங்கோ!" என்று பொடிசுகள் கத்தின. மாமா மிதித்தார். பெரியவர் மிதித்தார். அம்மாள் சுற்றிக்கொண்டு போனார். கடைசியாக வந்தவர் கோட்டுக்கு முன்னால் நின்றார். கட்டத்தைப் பார்த்தார். இருபுறமும் பார்த்தார். கக்கத்தில் ஷூ, கையில் செருப்பு. ஒரு காலைத் தூக்கினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று நொண்டிக்கொண்டே பதினாலு கட்டத்தையும் தாண்டி, அந்தக் கோடியில் இரண்டு காலையும் ஊன்றி, ஒன்றுமே நடக்காததுபோல் தகப்பனார் பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டார்.

அக்காவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டிருந்தாள், தோள் குலுங்கியது. உயரம் ஜாஸ்தி என்றார்கள் அன்றைக்கு; இன்றைக்கு என்னால். எனக்கு நெஞ்சு உடைந்துவிட்டது.

"அழாத அக்கா" என்றேன்.

கீழே, "எங்கடி போனே?" என்று அம்மாவின் குரல். அக்கா படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினாள். அம்மா உள்ளறைக்குள் நுழைந்தபோது, காலையிலிருந்து அசையாத பதுமைபோல் பாயில் உட்கார்ந்து சடையின் மீதியைப் பின்னிக்கொண்டிருந்தாளாம்.

என்னை மச்சிலிருந்து இறக்கி, முதுகில் ஒன்று வைத்து, உள்ளறைக் கதவுக்குப் பின்னால் நிறுத்தினார்கள். அங்கிருந்துதான் எல்லாவற்றையும் பார்த்தேன். அக்கா தட்டோடு கூடத்துக்குப் போனாள். பார்வை தரையில். வைத்தாள். நமஸ்கரித்தாள். பார்வை தரையில். பெரியவர் என்ன படித்திருக்கிறாய் என்றார். தரையைப் பார்த்துச் சொன்னாள். அந்த இளைஞர் எதையோ கேட்க வாயெடுத்து, மூடிக்கொண்டார். அப்போது பம்பைச் சத்தம் கேட்டது. கயிறு அறுந்துவிட்டது, காவடி தெருவுக்குள் வந்துவிட்டது. பெண் பார்க்க வந்த அம்மாள் தட்டை அப்படியே வைத்துவிட்டு, எங்கள் வீட்டுக் குடத்தையே தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். காவடிக்காரர் ஒவ்வொருவர் காலுக்கும் ஊற்றி, முழங்கால் வரை சேறாகி, திரும்பி வந்து உட்கார்ந்து நைனாவைப் பார்த்து, "நானு இன்னா சொல்றதுங்க. இந்தக் காலத்துல இப்பிடி ஒரு அடக்கத்தைப் பாத்ததே இல்ல. பொண்ணு ஒருவாட்டிகூட நிமிரலை. எங்களுக்குப் பூரண சம்மதம்" என்றார்.

"பாவா, நான் சொல்லல?" என்றார் மாமா, நைனாவின் தொடையில் தட்டி. சத்தியம் தவறியது அவருக்கு மறந்தே போயிற்று.

நைனா எழுந்து உள்ளறைக்கு வந்தார். அந்த நாளில் பெண்ணைக் கேட்கும் வழக்கம் கிடையாது. எங்கள் நைனா கேட்பார். என்னைத் தாண்டி அக்காவிடம் குனிந்து, மெதுவாக, "நீ பையனைப் பாக்கவே இல்லியேம்மா. நானு இன்னா சொல்லட்டும்? வேணும்னா தண்ணி குடுக்கிற சாக்குல ஒருதரம் பாத்துரு" என்றார்.

"வேணாம் நைனா. நீங்க பாத்தா போதுங்க" என்றாள் அக்கா, தரையைப் பார்த்து.

நைனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வீட்டில் உண்மை தெரிந்த இரண்டாவது ஆள் நான். எனக்குத் தெரிந்திருக்கிறது என்பது எனக்கே தெரியாது. அவர் கூடத்துக்குத் திரும்பியதும் அக்கா கதவுக்குப் பின்னால் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாள். வளையல் பதியும்படி, விடவே மாட்டேன் என்பதுபோல் பிடித்தாள். அம்மா அடித்தது முதுகோடு போயிற்று. இது அக்காவின் பங்கு என்று நினைத்தேன்.

"வலிக்குது அக்கா, வுட்டுடு" என்று அழுதேன். "இனிமே சத்தியமா கயிறு புடிக்க மாட்டேன்."