தொட்டால் ஷாக் அடிக்காது

சிங்கப்பூரில் நான் புல் வெட்டும் கோல்ஃப் மைதானத்தில், பாதி வானம் நீலமாக இருக்கும்போதே மின்னல் சைரன் ஊதிவிடுவார்கள். ஊதியதும் போட்டது போட்டபடி பணக்கார மெம்பரும் நானும் ஒரே கூரைக்கு ஓட வேண்டும். வந்த புதிதில் குழிகளில் நட்ட கொடிகளைப் பிடுங்கத் திரும்பி ஓடினேன். சூப்பர்வைசர் ஆங்கிலத்தில் ஏசினார். "கொடி போனால் வேறு கொடி. நீ உள்ளே போ" என்றார். நன்றாக வேலை செய்கிறவனைப் போய்த் திட்டுகிறாரே என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

நான் பழகிய வேலை அப்படி. ரேணிகுண்டா பக்கம் ஒரு வாட்டர் பார்க்கில் நானும் அண்ணன் சேகரும் குளத்தடியில் வேலை பார்த்தோம். அண்ணி மல்லிகாவுக்கு அங்கேயே கேன்டீனில் வேலை. புத்தூரிலிருந்து மூவரும் காலை ரயிலில் போவோம். அங்கே மேகம் கறுத்தால் டிக்கெட் வாங்கியவன் உள்ளே ஓடுவான், சம்பளம் வாங்குகிறவன் வெளியே ஓடுவான். குளத்தைச் சுற்றி நட்ட இரும்புக் கம்புக் குடைகளை மடக்க வேண்டும். "கொடுகுலு தீயண்டிரா", குடைகளை எடுங்கடா என்று மேனேஜர் வராந்தாவில் நின்று தெலுங்கில் கத்துவார். அண்ணன் ஒவ்வொரு இடிக்கும் "அர்ஜுனா, அர்ஜுனா" என்று சொல்லிக்கொண்டே மடக்குவான். அந்தப் பெயரைச் சொன்னால் இடி அண்டாது என்பது எங்கள் நம்பிக்கை.

ஒரு நாள் நாலாவது குடையில் மின்னல் தாக்கி விழுந்தான். நான் பத்தடி தள்ளி நின்றேன். கேன்டீனிலிருந்து அண்ணி ஓடி வந்து அவன்மேல் குனிந்தாள். "தொடாதீங்க அண்ணி, ஒடம்புல இன்னும் கரண்ட் கீது" என்று கத்தி அவளை இழுத்து வந்தேன். முரண்டு பிடித்தாள், விடவில்லை. யாரோ காய்ந்த மூங்கில் கொண்டுவந்து அண்ணனைப் புரட்டிப் பார்த்தார். கரண்ட் இறங்கட்டும் என்று எல்லோரும் சுற்றி நின்றோம். ஆம்புலன்ஸ் வரும்வரை அப்படித்தான் நின்றோம்.

போன மாதம் இங்கே பாதுகாப்பு வகுப்பு நடந்தது. மின்னல் தாக்கியவர் உடம்பில் கரண்ட் தங்காது, உடனே தொடலாம், மூச்சில்லாவிட்டால் நடுமார்பில் விடாமல் அழுத்தினால் பிழைக்க வாய்ப்புண்டு என்றார் பயிற்சியாளர். "ஷுவர் சார்? டச் பண்ணலாமா?" என்று மூன்று தடவை கேட்டேன். எனக்குப் பயம் என்று நினைத்து, "டோன்ட் வொரி, நோ ஷாக்" என்று சிரித்தார். ரப்பர் பொம்மையை நிறுத்தச் சொல்லியும் நிறுத்தாமல் அழுத்தினேன். வெரி ஸ்ட்ராங் என்று முதுகில் தட்டினார். கழிப்பறைக்குப் போய் அழுதேன்.

அண்ணி இன்னும் அதே பார்க்கில்தான் இருக்கிறாள். ஞாயிறுதோறும் பேசும்போது, "அன்னிக்கு நீ இஸ்துக்கினு வரலன்னா அப்பா போன பாப்பாவுக்கு அம்மாவும் இல்லாம போயிருக்கும்" என்பாள். எனக்கு அவள் சொல்லும் நன்றி அது. வகுப்புக்குப் பிறகு மூன்று ஞாயிறு அதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன். உண்மையைச் சொன்னால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

நேற்று சைரன் ஊதிக் கூரைக்கு வந்ததும் அண்ணியை அழைத்தேன். "என்னை கேன்டீன்லேர்ந்து குடைங்களுக்கு மாத்திட்டாங்க தம்பி" என்றாள். அதற்குமேல் மறைக்க முடியவில்லை.

"இடி சத்தம் கேட்டாலே உள்ள போய்டுங்க அண்ணி. குடை போனா போவுது. யாராவது வியுந்தா தொடலாம். ஷாக் அடிக்காது. ஒடனே மார்ல அயுத்தணும். இங்க கிளாஸ்ல சொன்னாங்க."

"அன்னிக்கு நான்தான் உங்கள இஸ்தேன்" என்றேன்.

"நீ இஸ்துக்கறதுக்கு முன்னாடியே என் கை அவரு மேல பட்டுச்சு தம்பி" என்றாள் மெதுவாக. "சூடா இருந்தாரு. எனக்கு ஒண்ணும் ஆவல. ஷாக் அடிக்கலன்னு நான் சொல்லியிருக்கணும். எல்லாருக்கும் தெரிஞ்சத நான் இன்னா இல்லன்னு சொல்றதுன்னு வாய மூடிக்கினேன்."

அவளுக்குப் பின்னால் ரேணிகுண்டாவில் இடித்தது. "உள்ள போங்க அண்ணி" என்றேன். லைன் அறுந்துவிட்டது. இங்கே ஆபத்து தீர்ந்தது என்று சைரன் ஊதி, எல்லோரும் புல்லுக்குத் திரும்பினார்கள். நான் போனைப் பிடித்தபடி கூரைக்கு அடியிலேயே நின்றேன்.