கட்டிக்கொண்டு அழ ஓர் ஆள்

அப்பா இறந்தது மாரடைப்பில். ஊர் அதை நம்பவில்லை. ஊரடங்கு நேரத்தில் யார் செத்தாலும் கொரோனாதான் என்று தெருவே கதவைச் சாத்திக்கொண்டது. நானும் பங்காளிகள் மூன்று பேரும் தூக்கிக்கொண்டு போனோம். சாவு மேளம் இல்லை, சங்கு இல்லை. பெண்கள் யாருமே வரவில்லை. எங்கள் பக்கம் சாவுக்கு வருகிற பெண்கள் வீட்டுக்காரியைக் கட்டிக்கொண்டுதான் அழுவார்கள். கட்டிக்கொள்ள ஆள் இல்லாமல் அம்மா அழவே இல்லை.

தளர்வு அறிவித்ததும் துக்கம் கேட்க ஒவ்வொருவராக வந்தார்கள். முகக்கவசத்தோடு வாசலில் நின்று, "கொரோனா இல்லியே?" என்றுதான் முதலில் கேட்டார்கள். அப்புறம் வருத்தப்பட்டார்கள். எனக்குக் கோபம்கூட வரவில்லை. ரேஷன் கடையில் கார்டு நம்பர் சொல்வதுபோல, "இல்லை, நெஞ்சுவலி" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா நாற்காலிகளை எட்ட எட்டப் போட்டுவிட்டு, காபி கலக்கட்டுமா என்று கேட்டாள். துக்கம் கேட்க வந்தவர்களிடம் யாராவது காபி வேண்டுமா என்பார்களா? வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா இப்படியே இருந்துவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

பஸ் விட்டதும் வாலாஜாபாத்திலிருந்து சின்னம்மா வந்தாள். அம்மாவுக்குக் கூடப்பிறந்தவள் அவள் ஒருத்திதான். இவளைப் பார்த்தாலாவது அம்மா அழுதுவிடுவாள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். சின்னம்மாவுக்குச் சர்க்கரை. யாரையும் தொடக்கூடாது என்று பிள்ளை சத்தியம் வாங்கிக்கொண்டு அனுப்பியிருந்தான். வாசற்படியிலேயே நின்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"கிட்ட போவாதன்றான்க்கா. நான் இன்னா பண்ணுவேன்?"

அம்மா ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கீழே வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். "வெயில்ல நிக்காத. பஸ்சு பூடும்" என்றாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லமாட்டார்கள். சின்னம்மாவும் சொல்லாமல் திரும்பி நடந்தாள். வழியனுப்பவும் போகக்கூடாது. அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு அவள் பின்னாலேயே போனாள். நான் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

பஸ்ஸில் அப்படியொரு கூட்டம். இடைவெளி விடச் சொல்லி ஒட்டியிருந்த நோட்டீஸ்மேலேயே ஒருவன் சாய்ந்துகொண்டிருந்தான். சின்னம்மா ஏறி நாலு பேர் நடுவில் நசுங்கினாள். அம்மா அதையே பார்த்தாள்.

"எவன் எவனோ இடிச்சிக்கினு நிக்கிறான். நான் தொட்டாத்தான் ஒட்டிக்குமா?" என்று என்னிடம் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் கம்பியைப் பிடித்து ஏறிவிட்டாள்.

பஸ் கிளம்பியது. உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது. அப்பாவைத் தூக்கிய அன்றைக்கு வந்திருக்க வேண்டிய குரல். நான் வண்டியில் பின்னாலேயே போனேன். அடுத்த நிறுத்தத்தில் கண்டக்டர் கையைப் பிடித்து அவளை இறக்கிவிட்டார்.

பின்னால் ஏறி உட்கார்ந்து முகத்தை என் முதுகில் வைத்துக்கொண்டாள். வீடு வரும்வரை அழுகை நிற்கவில்லை. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. ஏரிக்கரையில் வண்டியை மெதுவாக ஓட்டினேன். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை.