அவசரம் என்று போட்ட மெயில்

லேபில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அவனுக்கு 'டெஸ்ட்' என்று பெயர். ரத்தப் பரிசோதனைக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. கம்ப்யூட்டரில் எது பழுதானாலும் எல்லோருக்கும் 'டெஸ்ட்' என்று ஒரு மெயில் தட்டிவிட்டு, "வந்துச்சா? வந்துச்சா?" என்று உயிரை வாங்குவான். வந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்பது அவன் கட்சி.

வேலையில் கெட்டிக்காரன்தான். சொந்த விஷயத்தில் மட்டும் பயந்தாங்கொள்ளி. அவன் அக்கா, மார்பில் கட்டி என்று இதே லேபில் சதைப் பரிசோதனைக்குக் கொடுத்திருந்தாள். ரிப்போர்ட் மெயிலில் வர வேண்டும், வரவில்லை. "வரலைன்னா ஒண்ணும் இல்லைன்னுதானேடா அர்த்தம்? ஏதாவது இருந்தா உடனே சொல்லியிருக்க மாட்டாங்க?" என்று நேற்றுக் கேட்டாள். "ஆமாக்கா, அடிச்சுப் பிடிச்சு சொல்லியிருப்பாங்க" என்றான். அடுத்தவர் ரிப்போர்ட்டைத் திறக்கக் கூடாது என்பது லேபின் விதி. எத்தனையோ விதிகளைக் காற்றில் பறக்கவிட்டவனுக்கு இந்த ஒன்று மட்டும் ரொம்ப வசதியாக இருந்தது.

இன்று காலை ஒரு வேன் டிரைவர் வரவேற்பு மேசைக்கு வந்தார். அவருக்கும் ரிப்போர்ட் வரவில்லையாம். மேசையில் இருந்த பெண் திரையைப் பார்த்து, "அனுப்பியாச்சுன்னு இருக்கே" என்றாள்.

"நீங்க அனுப்பியாச்சு. எனக்கு வரலையேம்மா!"

நியாயமான பேச்சு. டெஸ்டைக் கூப்பிட்டார்கள். வழக்கம்போல் 'டெஸ்ட்' என்று ஒன்று அனுப்பினான். டிரைவரின் போன் சிணுங்கியது.

"வருதே அண்ணே!"

"இது வருது தம்பி. இதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?"

அவருடைய ரிப்போர்ட்டையே மறுபடி அனுப்பினான். 'அனுப்பப்பட்டது' என்றது திரை. போன் மூச்சு விடவில்லை. ஸ்பாமில் தேடினார்கள், அங்கேயும் இல்லை. முகவரி தப்பு என்று திரும்பியும் வரவில்லை. கிணற்றில் போட்ட கல்தான்.

அப்போதுதான் அந்த மெயிலின் தலைப்பு அவன் கண்ணில் பட்டது: 'அவசரம்!!! உடனே திறக்கவும்!!!' எல்லாம் மேலாளரின் கைவண்ணம். ரிப்போர்ட்டில் கெட்டது இருந்தால் ஆட்கள் சீக்கிரம் பார்க்கட்டும் என்று, அவற்றுக்கு மட்டும் அப்படித் தலைப்பு வைக்கச் சொல்லியிருந்தார். நல்ல எண்ணம்தான், யார் இல்லை என்றது? ஆனால் ஊரை ஏமாற்றுகிறவர்களும் அப்படித்தானே கூவுகிறார்கள்! டிரைவரின் மெயில் கம்பெனி 'வாங்கிக்கொண்டேன்' என்று தலையாட்டிவிட்டு, சத்தமில்லாமல் தூக்கி எறிந்திருந்தது.

தலைப்பை வெறும் 'உங்கள் ரிப்போர்ட்' என்று மாற்றி அனுப்பினான். போன் சிணுங்கியது. "வந்துடுச்சு!" என்று துள்ளியவன், டிரைவரின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான். அவர் படித்தபடியே நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார்.

விஷயம் கேட்டு மேலாளர் ஓடிவந்தார். "அப்போ எந்த ரிப்போர்ட்டுமே போகலையா?"

"நல்ல ரிப்போர்ட் எல்லாம் ஒழுங்கா போயிடுச்சு சார். கெட்டது மட்டும்தான் போகல."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது. அக்காவுக்கு ஒன்றுமே வரவில்லை. இனி அவள் ரிப்போர்ட்டை எந்த விதியை மீறியும் திறந்து பார்க்க வேண்டியதில்லை. நேற்று அவளிடம் அளந்ததை நினைத்துத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"நிக்காதேய்யா, எல்லாத்தையும் திருப்பி அனுப்பு" என்றார் மேலாளர்.

தலைப்பை மாற்றி எல்லாவற்றையும் அனுப்பினான், ஒன்றைத் தவிர. அக்கா வீட்டில் தனியாக இருப்பாள். வாசலுக்கு வந்து அவளை அழைத்தான்.

"அக்கா, வீட்லதானே இருக்கே? நான் வரேன்."

"இந்த நேரத்துலயா? லேப்ல வேலை இல்லையா?"

"மெயில் சரியா போகாம இருந்துச்சுக்கா. இப்போ சரி பண்ணிட்டேன்."

"அப்போ என்னோடதையும் அனுப்பிவிடேன். அதுக்குப் போய் நீ எதுக்குடா வரே?"

அவன் பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்தான். மறுமுனையில் ஓடிக்கொண்டிருந்த குழாயை அவள் மூடுவது கேட்டது.

"சரி" என்றாள் அக்கா. "பார்த்து வண்டி ஓட்டிட்டு வா."